கீழக்கரையில் மின்விசிறி ஓடாத ஒரு ரிப்பேர் கடை

இணையத்தில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றுக்கு 2025 ஜூனில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம், நான்கு ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம், யாரும் வாங்கி ஏமாறாதீர்கள்" என்று எழுதிய புண்ணியவான் நான்தான். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குக் காட்டியவர், கீழக்கரையில் ஒரு சந்துக்குள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெரியவர். இந்த விமர்சனம் அவருடைய கடையைப் பற்றியது. கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. தம் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரே அழைப்பதுபோல் நானும் பாய் என்றே எழுதுகிறேன்.

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுவது என் வேலை. 14 வருடமாகிறது. அமோனியா கம்ப்ரசரின் ஓட்டத்தில் ஒரு பிசிறு தட்டினால், படுத்த இடத்திலிருந்தே எந்த பேரிங் என்று சொல்லிவிடுவேன். காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் வாங்குகிற ஐஸை நம்பிக் கம்பெனி அரை உயிரில் ஓடும். கை நிறைய நேரம், பை நிறையக் காற்று. இப்படிப்பட்ட நாட்களில்தான் மனிதனுக்குச் சப்வூஃபர், அதாவது அடிச்சத்தத்துக்கென்றே ஒரு தனி ஸ்பீக்கர் பெட்டி, செய்கிற புத்தியெல்லாம் வரும். யாரோ படகுக்குக் கேபின் மாற்றியதில் மிஞ்சிய 18 மி.மீ. மெரைன் பிளைவுட் மலிவாகக் கிடைத்தது. (எம்.டி.எஃப். பலகை எங்கள் ஊருக்கு ஆகாது. ஒரு மழைக்காலத்துக்குள் விளிம்பெல்லாம் டீயில் நனைத்த ரொட்டி போல உப்பிவிடும்.) 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, டி.டி.ஏ. 7294 ஐ.சி. வைத்த அந்தப் போர்டு. உள்ளளவு 60 லிட்டர் வரும்படி பெட்டி அடித்தேன். காற்று போய்வர 63 மி.மீ. பி.வி.சி. குழாயில் 5 செ.மீ. நறுக்கி முன்பக்கம் பதித்தேன். ஆம்ப்ளிஃபயரை ஓர் அலுமினியத் தகட்டில் ஏற்றிப் பெட்டியின் முதுகில் பொருத்தினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

செட்டாப் பாக்ஸிலிருந்து ஆடியோ வயரைச் செருகி சுவிட்சைப் போட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா, "என்னடா, வீட்டுக்குள் கதண்டு புகுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

பாட்டே போடாத நிலையில் ஒரே சீரான ரீங்காரம். பாட்டுப் போட்டால் அடிச்சத்தம் விழும்போதெல்லாம் முன்பக்கக் குழாயிலிருந்து 'புஸ் புஸ்' என்று பாம்புச் சீறல். போதாததற்குச் சில பாட்டுகளில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும், 'கிர்ர்ர்' என்று ஒரு கரகரப்பு. இந்த மூன்றையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த முதல் தப்பு. எல்லாப் பழியையும் போர்டின் தலையில் போட்டேன்.

பிறகு செய்தவை எல்லாம் தப்பின் மேல் தப்பு. எங்கள் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மரும் இதேபோல்தான் முனகும் என்பதால் பவர் சப்ளை கோளாறு என்று முடிவு கட்டி, 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டையும் மாற்றினேன். ரீங்காரம் அசையவில்லை. டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே திருப்புளி பிடித்த பையன் என் பெட்டியைத் திறந்து, அதே கண்டென்சர்களை மறுபடியும் மாற்றி, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, "போர்டே சரியில்லை அண்ணே, வேறு வாங்கிவிடுங்கள்" என்றான். ஐந்து நிமிடம்கூட ஓடவிட்டுக் கேட்கவில்லை. கடைசியாகக் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்ன யோசனையின்படி மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டி எறிந்தேன். என்ன ஆச்சரியம், ரீங்காரம் சட்டென்று நின்றது! இரண்டு நாள் அந்தப் பெருமையில் இருந்தேன். மூன்றாம் நாள் ஆடியோ வயரைக் கழற்றும்போது பின்தகட்டில் விரல் பட்டது. சுருக்கென்று ஓர் எறும்புக்கடி. சீறலும் கரகரப்பும் அப்படியே இருந்தன. அன்றைக்குத்தான் எங்கள் கம்பெனிக்கு மோட்டார் காயில் கட்டித் தருபவர், "கீழக்கரையில் பாய் ஒருத்தர் இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்றார்.

மூன்று நாளில் ஏழு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. இதை முதல் குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மீன் ஏற்றப் போன லோடு ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு நேரே போய்விட்டேன்.

கடை என்றால் பழைய வீடு ஒன்றின் திண்ணையை ஒட்டிய ஓர் அறை. அகலம் ஆறடி இருக்கும். உள்ளே பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர்கள், கூம்பு ஒலிபெருக்கிகள், படகில் வைக்கும் வயர்லெஸ் செட், குடல் வெளியே தெரியும் ஒரு பழைய ரேடியோ. ஒரு காலத்தில் படகு வயர்லெஸ்தான் அவருக்கு முக்கிய வேலையாம். ரமலான் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து மற்ற வேலை எதையும் தொடமாட்டாராம். சுற்றுவட்டாரப் பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்குமாம். மேலே ஒரு மின்விசிறி தொங்கியது. ஓடவில்லை. ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேட்டதற்கு, "அது ஓடினால் எனக்குக் காது கேட்காது தம்பி" என்றார். எங்கள் கம்பெனி போல நாலு மடங்கு இரைச்சலில் நின்றுகொண்டு பேரிங் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிறவனுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான அலட்டலாகப் பட்டது. அந்த எண்ணம் மதியம்வரைதான் இருந்தது.

பெட்டியை அவர் பார்க்கவே இல்லை. முதலில் பிளக்கைக் கையில் எடுத்தார். எர்த் பின் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"இதை வெட்டியது யார்?"

"நான்தான் பாய். இரைச்சல் நின்றது."

"நிற்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுவிட்டால் இந்தத் தகட்டில் 230 வோல்ட் நிற்கும். அன்றைக்குத் தொடுகிறவன் மூச்சும் நிற்கும். ஈரக்கையோடு உன் அம்மா தொட்டால் என்ன செய்வாய்? பக்கத்துக் கடையில் ஒரு மூன்று பின் டாப் வாங்கி வா. அதை மாட்டாமல் இந்தப் பெட்டியை நான் தொடமாட்டேன்."

வாங்கி வந்தேன். என்னையே மாட்டச் சொன்னார். கைகட்டி நின்று பார்த்தார். அந்தக் கடையில் வாடிக்கையாளருக்கும் வேலை உண்டு. ஈயம் பற்றவைக்கச் சொல்வார், பலகையைப் பிடிக்கச் சொல்வார். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

சுவிட்சைப் போட்டார். எர்த் பின் திரும்ப வந்தாயிற்று, ரீங்காரமும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அறை மயான அமைதி. டாக்டர் வாசலில் கால் வைத்ததும் காய்ச்சல் இறங்குவதுபோல் ஆகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்படியானால் அந்த நோய் பெட்டியில் இல்லை, உன் வீட்டில் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்" என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற இரண்டையும் எடுத்தார்.

அவருடைய கருவிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். அலை உருவாக்கும் ஒரு செயலி போட்ட போன். ஊதுபத்தி. தினத்தாளில் கிழித்த விரல் அகலத் துண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபில் வெட்டிய ஒரு மீட்டர். இவ்வளவுதான்.

போனிலிருந்து 100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 100 அதிர்வில், ஆரம்பித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். 40க்குப் பக்கத்தில் வந்தபோது என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரின் கூம்பைப் பார்க்கச் சொன்னார். 60இல் கண்ணுக்குத் தெரியும்படி துடித்துக்கொண்டிருந்த கூம்பு, 38இல் ஏறக்குறைய நின்றே போனது. ஆனால் காதுக்கு அடிச்சத்தம் குறையவில்லை. பிறகு அந்தத் தாள் துண்டைக் குழாயின் வாயில் தொங்கவிட்டார். தாள் பேய் பிடித்ததுபோல் படபடத்தது. "இந்த இடத்தில் பாடுவது ஸ்பீக்கர் இல்லை, குழாய்க்குள் இருக்கும் காற்று. ஸ்பீக்கர் சும்மா உந்திக் கொடுக்கிறது. 60 லிட்டர் பெட்டிக்கு உன் குழாய் 38க்குச் சரியாகத்தான் பேசுகிறது. கணக்கு தப்பில்லை. வாசல்தான் குறுகல்."

எனக்கு விளங்கும்வரை விடவில்லை. குழாய் ஒல்லியானால் நீளத்தைக் குறைத்து அதே 38 ஹெர்ட்ஸைப் பிடித்துவிடலாம். நான் பிடித்ததும் அப்படித்தான். ஆனால் போய்வர வேண்டிய காற்றின் அளவு குறைவதில்லை. அதே காற்று ஒல்லிக் குழாயில் அவசரமாக ஓடவேண்டியிருக்கிறது. அந்த அவசரம்தான் 'புஸ்'. 110 மி.மீ. குழாய் போட்டால் வாயின் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கு. அதே 38இல் நிற்க நீளம் மட்டும் 5 செ.மீ.க்குப் பதில் 22 செ.மீ. ஆகும். மண்டபத்துக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? பாம்பன் பாலத்துக்கு அடியில் நீர் ஏன் அப்படிச் சீறுகிறது என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். என் பெட்டியில் அது தெரியவில்லை.

ஆர்வக்கோளாறில் போனை வாங்கி 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குழாய் பேசும் அளவுக்குக் கீழே போனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைத் தாங்காதாம். கூம்பு கட்டறுந்த கன்றுபோல் துள்ளி, அதன் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) காந்தத்தின் பின்தகட்டில் இடித்துக்கொள்ளுமாம். சத்தமாக வைத்துச் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது ஊதுபத்தி. கொளுத்தி, 50 ஹெர்ட்ஸை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, பெட்டியின் மூட்டு மூட்டாகக் கொண்டுபோனார். புகை நேராக எழும்பிக்கொண்டே வந்தது. பின்தகட்டின் இடதுகீழ் மூலையில் வந்ததும் இரண்டாகக் கிழிந்தது. வால்யூம் குமிழின் தண்டு நுழையும் ஓட்டையிலும் அப்படியே. இந்த இரண்டு இடத்திலும் காற்று கசிந்து மெலிதாக விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சீறல் என்று கேட்டதில் பாதி முன்குழாயினுடையது, மீதி இது. பலகை மூட்டுகளில் ஒன்றுகூடக் கசியவில்லை என்பதை என் தச்சு வேலைக்கான நற்சான்றாக எடுத்துக்கொண்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கரகரப்புக்கு வந்தபோதுதான் எனக்கு உள்ளூரப் பயம். காயில் உரசுகிறது என்று சொல்லிவிட்டால் ஸ்பீக்கரே போச்சு. அதைத்தான் முதலில் பார்த்தார். பெட்டியின் கரண்டை நிறுத்திவிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் கூம்பின் நடுமூடிக்கு இருபுறமும் எதிரெதிரே வைத்து, ஒரே அளவு பாரம் கொடுத்து, மெல்ல உள்ளே தள்ளினார், விட்டார். மறுபடி தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு கூம்பை ஒட்டிக் காதை வைத்திருந்தார். பிறகு என்னைச் செய்யச் சொன்னார். நெய்யில் விரல் ஓடுவதுபோல் வழுக்கிப் போய்வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேசைக்கு அடியிலிருந்து வேறொரு ஸ்பீக்கரை எடுத்துக் கொடுத்தார். யாரோ படகில் வைத்திருந்ததாம். அதை அழுத்தியபோது விரல் நுனிக்கு மணல் தாள் தேய்ப்பதுபோல் ஒரு நெருடல் வந்தது. காதுக்கு 'சர்' என்றது. காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு நகத்தின் தடிமன் அளவுகூட இராது. உப்புக்காற்றில் உள்ளிரும்பு துருத்து உப்பி அந்த இடுக்கை அடைத்துவிட்டது. "கடற்கரையில் ஸ்பீக்கர் சாவது பெரும்பாலும் இப்படித்தான். உன்னுடையது பிழைத்தது" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

அப்படியானால் கரகரப்பு எங்கிருந்து? போனை 72 ஹெர்ட்ஸில் நிறுத்தினார். அங்கேதான் அது உச்சத்தில் இருந்தது. டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைப் பெட்டி முழுக்க மேயவிட்டார். நாங்கள் கம்பெனியில் நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, நுனியை பேரிங் மேல் வைத்துக் கேட்பதும் இதே வித்தைதான். எனக்கு ஏன் இது வீட்டில் தோன்றவில்லை என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. டியூப் முனை முன்குழாயின் வாய்க்கு வந்ததும் நின்றார். டியூபை என்னிடம் நீட்டினார். உள்ளிருந்து, மிகத் துல்லியமாக, தகரத்தில் ஈ மோதுவதுபோல் ஒரு சத்தம்.

ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பி மேசைமேல் வைத்தார். காந்தத்தின் விளிம்பில், ஸ்பீக்கரின் இரும்புக் கூட்டோடு முட்டிக்கொண்டு, ஒரு சின்ன ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தது. பளபளவென்று புதியது. நட்சத்திரத் தலை. போர்டைப் பொருத்தும்போது என் கையிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் விழுந்து, காந்தம் இழுத்துக்கொண்ட ஸ்க்ரூ. 72 ஹெர்ட்ஸ் வரும்போதெல்லாம் அது கூட்டைத் தட்டித் தாளம் போட்டிருக்கிறது.

பாய் அதைக் கட்டைவிரலால் தள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது உன்னுடையதுதானே?"

நான் ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கு மதியத்துக்குமேல் 110 மி.மீ. குழாய்க்கு ஓட்டை பெரிதாக்குவது, குழாயின் உள்வாய் விளிம்பைச் சூடுகாட்டி லேசாக மலர்த்துவது, தகட்டைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டுவது, குமிழ் ஓட்டையை அடைப்பது என்று ஓடியது. ஆடியோ செருகும் பித்தளை சாக்கெட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நான் பொருத்தி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஸ்பிரிட் தொட்டுச் சுத்தம் செய்து, வெளிப்பக்கத்தில் வாசலின் மெலிதாகத் தடவினார். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊர்க்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டுமாம். பசை காயும்வரை தொடக்கூடாது என்று பெட்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் எனக்குத் தெரிவித்திருக்கலாம். தெரிவிக்கவில்லை. நானாகத்தான் போய் எடுத்து வந்தேன்.

கிளம்பும்போது ஓர் ஆடியோ பின்னைக் கொடுத்தார். அதன் நடு ஊசியையும் வெளிவட்டத்தையும் ஈயம் வைத்து ஒன்றாகச் சேர்த்திருந்தார். "வீட்டில் போய் இதைச் செருகிப் பார். பிறகு போனை மட்டும் செருகிப் பார், சார்ஜர் போடாமல். அப்புறம் செட்டாப் பாக்ஸ். அப்புறம் செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள்காரர் வயரைக் கழற்றிவிட்டு. எதில் ரீங்காரம் வருகிறது, எதில் வரவில்லை என்று எழுதிக்கொண்டு வா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே. தாள் போதும்."

இன்னொரு பாடமும் சொன்னார். போனில் 50 ஹெர்ட்ஸ் போட்டுக் காட்டினார், பிறகு 100. "உன் ரீங்காரம் இதில் எது? 100 என்றால் உன் பவர் சப்ளை. வீட்டு மின்சாரம் 50 சுழற்சி, டயோடு பாலம் அதன் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் மிச்சமாகும் அலை 100. கண்டென்சர் செத்தால் இது கேட்கும். 50 என்றால் கண்டென்சரை விடு, எர்த் வளையத்தைத் தேடு." நான் 'எங்கள் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர் போல' என்றேன். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் முனகுவதும் 100இல்தானாம். ஒவ்வொரு சுழற்சியிலும் அலை மேல் உச்சியைத் தொடும்போது ஒருமுறை, கீழ் உச்சியைத் தொடும்போது ஒருமுறை இழுபடுவதால் அப்படி. 14 வருடமாகப் பக்கத்தில் படுத்து எழுந்த சத்தம் அது. வீட்டு ரீங்காரத்தை அதனோடு ஒன்றாகப் போட்டு இரண்டு முறை கண்டென்சர் மாற்ற வைத்தது என் காதுத் திமிர்தான்.

வீட்டில் வந்து சோதித்தேன். ஈயம் வைத்த பின்: அமைதி. போன்: அமைதி. போனில் 50 போட்டால் என் பழைய எதிரியின் குரல் அச்சு அசலாக வந்தது. செட்டாப் பாக்ஸ்: கதண்டு. கேபிள் வயரைத் திருகிக் கழற்றினேன்: கதண்டு செத்தது. மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, "இதற்கா கீழக்கரை போனாய்?" என்றார்.

தாளோடு இரண்டாவது முறை போனேன், இம்முறை பஸ்ஸில், ராமநாதபுரத்தில் மாறி. பாய் தாளை வாசித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கேபிளா, கூரைமேல் டிஷ்ஷா?" கேபிள் என்றேன். "நல்லது." பிறகு விளக்கினார். என் பெட்டியின் தகடு மூன்றாவது பின் வழியாக என் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. அந்த எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு நானே புதைத்த குழாய், குறை சொல்ல முடியாது. கேபிள்காரர் வயரின் மேல்வலை வேறெங்கோ ஒரு கம்பத்தில் வேறொரு எர்த்தைத் தொடுகிறது. இரண்டும் மண்தான், ஆனால் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. நடுவே என் ஆடியோ வயர் பாலம் போட்டதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டம் தொடங்கிவிடுகிறது. "வடக்குக் கடலும் தெற்குக் கடலும் ஒரே தண்ணீர்தானே. பாம்பன் கால்வாயில் நீர் என்றைக்காவது சும்மா நின்று பார்த்திருக்கிறாயா?" என்றார். எர்த் பின்னை வெட்டியபோது ரீங்காரம் நின்றது வளையம் அறுந்ததால்தான். அறுக்க வேண்டிய இடம் மட்டும் அது இல்லை.

ஆடியோ வயரின் நடுவில் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் சுற்று கொண்ட சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைப் போடலாம் என்று நான் எங்கோ படித்திருந்ததைச் சொன்னேன். போடலாம், ஆனால் கரு சிறிதாக உள்ள மலிவு டப்பா ஆழமான அடிச்சத்தத்தைத் தின்றுவிடும், சப்வூஃபருக்கு அது சோற்றை விட்டுவிட்டுக் குழம்பை மட்டும் பரிமாறுவதுபோல் என்றார். பதிலாகக் கேபிள் வயரின் வழியில் திருகும் ஒரு விரல் நீளத் துண்டைக் கொடுத்தார். நடுக்கம்பியிலும் மேல்வலையிலும் சின்னக் கண்டென்சர் வைத்த துண்டு. டிவி சிக்னல் பல மெகாஹெர்ட்ஸ் என்பதால் அதைத் தாண்டிப் போய்விடும். 50 ஹெர்ட்ஸ் தாண்டாது. டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, ஏனென்றால் கூரைமேல் டிஷ்ஷின் முன்னால் சிக்னல் வாங்கும் தலைக்கு அதே வயர் வழியாகத்தான் டி.சி. கரண்ட் போகவேண்டும். அவர் அந்த ஒரே கேள்வியைக் கேட்டது அதற்காகத்தான்.

அன்று மாலை அதைத் திருகியதிலிருந்து வீட்டில் கதண்டு இல்லை. மிச்சம் இருந்த ஒரே சத்தம் ஸ்டாண்டில் அம்மா அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் 60க்குப் பக்கத்தில் கிணுகிணுப்பது. அவற்றைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சப்வூஃபரை அந்தச் சுவரிலிருந்து தள்ளிவைக்கும்படி உத்தரவானது.

செலவு: குழாய், ஃபோம், பசை, மூன்று பின் டாப், கேபிள் துண்டு, இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். பில் கிடையாது. ரொக்கம் மட்டும்தான் வாங்குவார். வேலைக்கு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுக்கவும் மாட்டார். வெள்ளிக்கிழமை பகல் 12க்கு மூடினால் 3 மணிக்குமேல்தான் திறப்பார். போன் எடுக்கமாட்டார் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என்னைப்போல் ஏழு முறை அடிப்பீர்கள். பேச்சும் கொஞ்சம் கடுமைதான். நான் இருந்த அன்று ஒருவர் ஐந்தே நிமிடத்தில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். புது ஸ்பீக்கர், புது போர்டு ஏதாவது விற்றுவிடலாம் என்கிற கண் மட்டும் அவரிடம் கிடையாது. என்னிடம் அவர் மாற்றச் சொன்ன ஒரே மின்சாமான் நான் வெட்டிய பிளக்தான்.

போகிறவர்கள் பெட்டியோடு நிற்காமல், வீட்டில் அதனோடு சேர்ந்திருக்கும் வயர்கள், அடாப்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் வையுங்கள், மின்விசிறி ஓடாது.

போர்டுக்கு எழுதிய பழைய விமர்சனத்தை நேற்று திருத்திவிட்டேன். ஐந்து நட்சத்திரம். "நல்ல போர்டு, ரீங்காரம் இல்லை. நான்கு ஸ்க்ரூக்களும் சரியாகவே வந்திருந்தன."